இரத்த அணுக்களின் வரவு செலவு

உறவின் நெருக்கத்தைக் குறிக்க ‘இரத்த பாசம்’ என்கிறோம். சினத்தைக் குறிக்க ‘இரத்தம் கொதிக்கிறது’ என்கிறோம். உழைப்பின் பெருமையைச் சொல்ல ‘இரத்தத்தை வியர்வையாகச் சிந்தினான்’ என்கிறோம். நம் பேச்சில் இவ்வளவு இடம் பெற்றுள்ள இரத்தத்தை ஒரு கணக்கனின் கண்கொண்டு பார்த்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரின் வரலாற்றையே இங்கே கூற முற்படுகிறோம். கணிதத்துக்கும் குருதிக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வியக்கலாம். கலைப் பிரிவில் பயின்ற நாமும் முதலில் அவ்வாறே வியந்தோம். ஆயினும் இவ்வுறவு நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. அதன் ஒரு முக்கியமான கண்ணி நம் நாட்டின் இமயமலைச் சாரலிலே தோன்றியது. அதன் பயனாக மனித உயிர்கள் காக்கப்பட்டும் இருக்கின்றன.

மருத்துவ நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து அளிக்கும் தாளில் சில எண்கள் இருக்கும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 50 லட்சம். வெள்ளை அணுக்கள் நாலாயிரம் முதல் பதினோராயிரம் வரை. இவை உடல் நலமுள்ளவரின் எண்கள். இன்று எடுத்தாலும், அடுத்த மாதம் எடுத்தாலும் இவை பெரிதும் மாறுவதில்லை. ஆகவே, அணுக்களும் அப்படியே இருக்கின்றன என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். ஒரு வணிகனின் கையிருப்பு மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் என்றால், அவன் கடையில் வாணிகமே நடக்கவில்லை என்று பொருளாகாது. லட்ச ரூபாய் வந்து லட்ச ரூபாய் போயிருக்கலாம். இரத்தப் பரிசோதனை நமக்குக் காட்டுவது இருப்பை மட்டுமே. வரவையும் செலவையும் காட்ட வல்லது கணிதம்.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் உண்டு. அதில் சிவப்பணுக்கள் மட்டும் ஏறத்தாழ 25 லட்சம் கோடி. சிவப்பணு ஒன்றின் ஆயுள் எவ்வளவு? 1940-களின் நடுவில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷெமின் என்ற விஞ்ஞானி, கனமான நைட்ரஜனால் அடையாளமிடப்பட்ட கிளைசின் என்னும் பொருளை 66 கிராம் அளவு மூன்று நாட்களில் தாமே உட்கொண்டு, பின்னர் பல மாதங்கள் தம் இரத்தத்தையே சோதித்து வந்தார். அந்த அடையாளம் அணுக்களில் தோன்றி, நிலைத்து, பின் மறைந்தது. அவர் கண்ட சராசரி ஆயுள் 127 நாட்கள். சுமார் 120 நாட்கள் என்று பின்னர் நூல்களில் நிலைபெற்றது. 25 லட்சம் கோடியை 120 நாட்களால் வகுத்தால், நாளொன்றுக்கு இருபதினாயிரம் கோடிக்கு மேற்பட்ட அணுக்கள் மடிந்து, அதே அளவு புதியவை பிறக்க வேண்டும் என்பது தெளிவாகும். இது நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல்! அசையாமல் நிற்பதாகத் தோன்றும் ஓர் எண்ணின் பின்னே இத்தகைய பேராரவாரம் நிகழ்கிறது.

இக் கணக்கைப் போடுவதற்கு முன் அணுக்களை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ? அந்தக் கலை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்தது. 1852-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கார்ல் ஃபியரோர்ட் என்ற உடலியல் பேராசிரியர், நீர்த்த இரத்தத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ப் பரப்பி அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு முறை எண்ணி முடிக்கச் சில மணி நேரம் பிடித்தது. பின்னர், சிறு சதுரக் கட்டங்கள் கீறிய கண்ணாடிக் கலங்கள் வந்தன. வேலை எளிதாயிற்று, ஆயினும் ஒரு சந்தேகம் எழுந்தது. ஒரு கட்டத்தில் ஐந்து அணுக்களும், அடுத்ததில் இரண்டும், அதற்கடுத்ததில் எட்டும் தென்பட்டால் எந்த எண்ணை நம்புவது?

இதற்கு விடை தந்தவர் மருத்துவர் அல்லர். டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணி புரிந்த வில்லியம் சீலி காசெட் என்பவர், நொதிக்கப் பயன்படும் ஈஸ்ட் அணுக்களை அதே கண்ணாடிக் கலத்தில் 400 கட்டங்களில் எண்ணிப் பார்த்தார். ‘மாணவர்’ என்ற புனைபெயரில் 1907-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, கட்டத்துக்குக் கட்டம் எண் வேறுபடுவது எண்ணுபவரின் பிழையன்று, அது தற்செயலின் விதி என்று காட்டியது. அணுக்கள் ஒன்றையொன்று பாராமல், கலத்தில் எங்கு வேண்டுமாயினும் விழக் கூடுமாயின், அவ்வேறுபாடு எந்த அளவில் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே கணித்துவிடலாம். கணித்த அளவுக்கு மேல் வேறுபாடு தென்பட்டால், அணுக்களுக்கு இடையே வேறு ஏதோ நடக்கிறது என்று ஐயுற வேண்டும். இந்த எளிய கருத்து பின்னர் பெரும் பணி ஆற்றியது.

அணுக்களுக்கு இடையே ஏதோ நடக்கிறது என்பதை அதற்கு முன்னரே கண்ணால் கண்டவர் ரஷ்ய நாட்டு விஞ்ஞானி மெச்னிகாஃப். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, விண்மீன் வடிவக் கடல்வாழ் உயிரின் கண்ணாடி போன்ற இளவுயிரில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் அம் முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் குழுமியிருக்கக் கண்டார். வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்ற கொள்கை அதிலிருந்து வளர்ந்தது. 1908-இல் அவருக்கு, பால் எர்லிக்குடன் சேர்த்து, நோபல் பரிசும் கிடைத்தது.

லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் இருந்த ஆல்ம்ராத் ரைட் இதை ஓர் அளவுகோலாக மாற்ற முயன்றார். 1898-இல் இந்தியாவுக்கு வந்த பிளேக் விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் இவர். நோயாளியின் ஊனீரில் நனைந்த கிருமிகளை வெள்ளை அணுக்கள் அதிகமாக விழுங்குகின்றனவா, குறைவாக விழுங்குகின்றனவா என்று அவர் எண்ணினார். ஐம்பது அல்லது நூறு அணுக்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை கிருமிகளை உட்கொண்டது என்று எண்ணிச் சராசரி காண்பது அவர் முறை. நோயாளியின் சராசரியை நலமுள்ளவரின் சராசரியால் வகுத்தால் கிடைக்கும் எண் ‘ஆப்சோனின் குறியெண்’ எனப் பெயர் பெற்றது. அந்த ஒரே எண்ணைக் கொண்டு ஊசி மருந்தின் அளவையும் வேளையையும் தீர்மானிக்கலாம் என்று ரைட்டும் அவர் மாணவர்களும் உறுதியாக நம்பினர்.

1909-ஆம் ஆண்டையொட்டி மேஜர் கிரீன்வுட் என்ற மருத்துவப் புள்ளியியல் அறிஞர் (‘மேஜர்’ என்பது அவர் இயற்பெயர், படைப் பதவி அன்று) இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். விழுங்கப்பட்ட கிருமிகளின் எண்ணிக்கை அணுவுக்கு அணு ஒரே சீராக இல்லை. பல அணுக்கள் ஒன்றையும் தொடவில்லை. சில அணுக்களோ பெருந்தீனி உண்டன. இவ்வாறு கோணலாகப் பரவியுள்ள எண்களில் ஐம்பது அணுக்களின் சராசரி இன்று ஒன்றாகவும் நாளை வேறாகவும் இருப்பது இயற்கையே. அந்த ஊசலாட்டத்தை நோயின் ஏற்றத் தாழ்வு என்று எண்ணி மருந்தை மாற்றுவது, காற்றில் ஆடும் கொடியைக் கண்டு படை நகர்கிறது என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பாகும். மருத்துவர்களுக்கும் புள்ளியியலாருக்கும் இடையே வாதம் கடுமையாக நடந்தது. காலப்போக்கில் அந்தக் குறியெண் மருத்துவ வழக்கிலிருந்து மறைந்தது.

வாதம் மறைந்தாலும் அது எழுப்பிய கேள்வி மறையவில்லை. ஒரு வெள்ளை அணுவும் ஒரு கிருமியும் சந்திக்கின்றன. சந்திப்பு எதைப் பொறுத்தது? ஒன்றை விழுங்கிய அணு மற்றொன்றை விழுங்க விரைகிறதா, தயங்குகிறதா? இக் கேள்வியைச் சமன்பாடாக எழுதியவரைக் காண நாம் லண்டனை விட்டு இமயமலைச் சாரலுக்குச் செல்ல வேண்டும்.

சிம்லா மலைத் தொடரைச் சேர்ந்த கசௌலி, பைன் மரங்கள் அடர்ந்த சிற்றூர். வெறிநாய்க் கடிக்கு ஊசி போடுவதற்காக 1900-இல் அங்கே பாஸ்டர் நிலையம் தோன்றியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நாய்க்கடி பட்டவர்கள் இரயிலேறி அங்கு சென்றனர். அந்நிலையத்தில் 1905-இல் பணியேற்று, 1914 முதல் 1920 வரை அதன் தலைவராக இருந்தவர் ஆண்டர்சன் கிரே மக்கென்ட்ரிக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவர். கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்றவரேயன்றிக் கணிதப் பட்டம் பெற்றவர் அல்லர். 1901-இல் சியரா லியோன் நாட்டுக்கு மலேரியா ஒழிப்புப் பணிக்காக ரொனால்டு ராஸுடன் சென்றவர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதைச் செகந்திராபாத்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிறுவிய அதே ராஸ், நோயின் பரவலைக் கணிதத்தால் ஆராய வேண்டும் என்று வற்புறுத்தி வந்தவர். அந்த விதை மக்கென்ட்ரிக்கின் மனத்தில் விழுந்தது.

1911-12 ஆண்டளவில் மக்கென்ட்ரிக், எம். கேசவ பாய் என்னும் இந்திய மருத்துவருடன் சேர்ந்து கிருமிகள் பெருகும் வேகத்தைக் கணித முறையில் ஆராய்ந்து எடின்பரோ ராயல் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். உணவு மிகுந்திருக்கும்போது கிருமிகள் விரைந்து பெருகும். உணவு குறையக் குறைய வேகம் தளரும். இறுதியில் எண்ணிக்கை நிலைத்து நிற்கும் என்பதை ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டினர். 1914-இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்த மற்றொரு கட்டுரையில் மக்கென்ட்ரிக் வெள்ளை அணுக்களின் பிரச்சினையை எடுத்துக்கொண்டார்.

அவர் வழி மிக எளியது. ஒன்றையும் விழுங்காத அணுக்கள் ஒரு வகுப்பு. ஒன்றை விழுங்கியவை அடுத்த வகுப்பு. இரண்டை விழுங்கியவை மூன்றாம் வகுப்பு. நொடிதோறும் சில அணுக்கள் ஒரு வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்குத் தேறிச் செல்கின்றன. ஒவ்வொரு வகுப்புக்கும் வரவு உண்டு, செலவு உண்டு. இரண்டையும் எழுதிவிட்டால், எந்த நேரத்தில் எந்த வகுப்பில் எத்தனை அணுக்கள் இருக்கும் என்று கூறிவிடலாம். எல்லா அணுக்களும் ஒரே விதமாகத் தேறுகின்றன என்று வைத்துக் கணித்தால் காசெட் கண்ட தற்செயலின் விதி கிடைக்கும். விழுங்கிய எண்ணிக்கையைப் பொறுத்துப் பசி கூடும் அல்லது குறையும் என்று வைத்துக் கணித்தால் வேறு பரவல் கிடைக்கும். எண்ணிக் கண்ட எண்கள் எந்தப் பரவலை ஒத்திருக்கின்றன என்று பார்த்து, கண்ணுக்குப் புலப்படாத அணுவின் நடத்தையை ஊகிக்கலாம். இரத்த அணுக்களின் செயலைச் சந்திப்புகளாகவும் வாய்ப்புகளாகவும் கண்டு சமன்பாடு எழுதிய மிக முந்தைய முயற்சிகளுள் இது ஒன்று.

உடல் நலம் குன்றியதால் மக்கென்ட்ரிக் 1920-இல் தாயகம் திரும்பி எடின்பரோவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். 1926-இல் அவர் வெளியிட்ட ‘மருத்துவப் பிரச்சினைகளில் கணிதத்தின் பயன்’ பற்றிய கட்டுரையில் மேலும் ஓர் அடி வைத்தார். ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் என்பதோடு, யாருக்கு என்ன வயது என்பதையும் ஒரே சமன்பாட்டில் எழுதினார். மனிதர்க்குப் பொருந்தும் இச் சமன்பாடு அணுக்களுக்கும் பொருந்தும். அணுவுக்கும் பிறப்பு, இளமை, முதிர்ச்சி, இறப்பு என்பவை உண்டன்றோ? ஆயினும் அக் காலத்தில் அதை எடுத்தாள்வார் மிகச் சிலரே. மருத்துவர்களுக்கு அதன் கணிதம் புரியவில்லை. கணித அறிஞர்கள் மருத்துவ ஏடுகளைப் புரட்டவில்லை. மக்கென்ட்ரிக் 1943-இல் காலமானார். 1959-இல் அணுக்களின் பெருக்கத்தைப் பற்றிய ஒரு நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. இரத்த நோய் வல்லுநர் ஒருவர் அதைத் தொகுத்தார். அந் நூலில் ஹைன்ஸ் ஃபான் ஃபோர்ஸ்டர் என்பவர் அதே சமன்பாட்டை மீண்டும் எழுதினார். இருவர் பெயரையும் இணைத்து அச் சமன்பாட்டை வழங்குவது பின்னாளில் ஏற்பட்ட வழக்கம்.

1960-களில் காட்சி கனடாவுக்கு மாறுகிறது. இரத்த அணுக்கள் அனைத்தும் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன என்று அதற்கு முன்னரே தெரியும். ஆனால், சிவப்பணு, வெள்ளை அணு, தட்டணு ஆகிய யாவற்றுக்கும் ஒரே தாய் உண்டா என்பது உறுதிப்படவில்லை. டொரன்டோ நகரில் ஜேம்ஸ் டில் என்ற பௌதிக அறிஞரும், எர்னஸ்ட் மக்கல்லக் என்ற மருத்துவரும் சேர்ந்து, கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினர். சில நாட்களில் அவற்றின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே அணுவிலிருந்து கிளைத்த குடும்பம் என்ற முடிவுக்கு வந்து, 1961-இல் வெளியிட்டனர். குருத்தணு என்று நாம் வழங்கும் தாயணுவின் அறிவியல் இங்கே வேரூன்றியது.

முடிச்சுகளை ஆராய்ந்தபோது ஒரு விந்தை தெரிந்தது. சில முடிச்சுகளில் புதிய தாயணுக்கள் மிகுதியாக இருந்தன, பலவற்றில் ஒன்றிரண்டே இருந்தன, சிலவற்றில் ஒன்றுமில்லை. கிரீன்வுட் கண்ட அதே கோணல் பரவல் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் வந்து நின்றது. 1964-இல் டில், மக்கல்லக் இருவரும் லூயிஸ் சிமினோவிச்சுடன் சேர்ந்து அளித்த விளக்கம் இது: தாயணு ஒவ்வொன்றும் தன்னைப் போன்ற தாயணுக்களைத் தரலாம், அல்லது முதிர்ந்து தொழிலணுவாகி வம்சத்தை முடித்துக்கொள்ளலாம். எது நிகழும் என்பது நாணயத்தைச் சுண்டுவது போன்றது. தாயணுவாகத் தொடரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது. இந்த விதியைக் கணிப்பொறியில் இட்டு ஓட்டிப் பார்த்தபோது எலியின் மண்ணீரலில் கண்ட கோணல் அவ்வாறே வெளிப்பட்டது. தனி அணுவின் விதியை யாரும் முன்னறிய முடியாது. ஆனால், கூட்டத்தின் விதியை முன்னறியலாம். தனி மனிதனின் மரண நாளை அறியாமலே ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நஷ்டமின்றி நடப்பதைப் போன்றது இது.

இனி, வரவையும் செலவையும் உடல் எவ்வாறு சமன் செய்கிறது என்ற கேள்வி வருகிறது. வெள்ளை அணுக்கள் குறைந்தால் மஜ்ஜைக்குச் செய்தி போகிறது. மஜ்ஜை அதிகமாகப் படைக்கிறது. மிகுந்தால் உற்பத்தி குறைகிறது. கேட்பதற்கு இது செவ்வனே நடக்க வேண்டிய ஏற்பாடாகத் தோன்றும். இடையில் ஒரு தடங்கல் உண்டு. மஜ்ஜையில் பிறந்த அணு முதிர்ந்து இரத்தத்துக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். இந்தத் தாமதம் எத்தகைய விளைவைத் தரும் என்பதை வெங்காயம் பயிரிடுவோர் நன்கு அறிவர். விலை ஏறிய பருவத்தில் எல்லோரும் வெங்காயம் நடுகின்றனர். சில மாதங்களில் சந்தை நிரம்பி விலை சரிகிறது. மனம் உடைந்து யாரும் நடாமல் விடுகின்றனர். மறுபடியும் விலை ஏறுகிறது. யாரும் தவறு செய்யவில்லை; செய்திக்கும் விளைச்சலுக்கும் இடையிலுள்ள காலமே ஏற்ற இறக்கத்தைத் தோற்றுவிக்கிறது.

இதே போன்ற ஏற்ற இறக்கம் சில குழந்தைகளின் இரத்தத்தில் தென்படுவது 1910-ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருந்தது. ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை அவர்களது வெள்ளை அணுக்களுள் ஒரு வகை அநேகமாக மறைந்தே போகும். அந்நாட்களில் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் தோன்றும். பின்னர் அணுக்கள் தாமே திரும்பி வரும். சாம்பல் நிறக் கோலி நாய்களிலும் இரு வாரங்களுக்கு ஒருமுறை இவ்வாறு நிகழும். 1977-இல் மான்ட்ரியல் நகர் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மக்கேயும் லியோன் கிளாஸும் ‘சயன்ஸ்’ ஏட்டில் ஒரு சிறு சமன்பாட்டை வெளியிட்டனர். இன்றைய உற்பத்தி, சில நாட்களுக்கு முன்பிருந்த அணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். தாமதத்தைச் சிறிதாக வைத்தால் எண்ணிக்கை நிலைத்தது, கூட்டினால் ஊசலாடியது, மேலும் கூட்டினால் ஒழுங்கே காண முடியாதவாறு அலைந்தது. உறுப்பு எதுவும் கெடாமல், அளவு ஒன்று மாறியதாலேயே நோய் தோன்றலாம் என்ற கருத்து மருத்துவ உலகுக்குப் புதிது.

சமன்பாடு நோயின் வேரை முழுவதும் காட்டிவிட்டது என்று நாம் கூறவில்லை. இந்நோயோடு தொடர்புள்ள மரபணு 1999-இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பே, 1989-இல், வெள்ளை அணு உற்பத்தியைத் தூண்டும் ஒரு புரதத்தை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, சுழற்சி நின்றுவிடவில்லை. 21 நாட்களாக இருந்தது சுமார் 14 நாட்களாகக் குறுகியது. ஆனால், பள்ளத்தின் ஆழம் குறைந்தது. காய்ச்சலும் புண்ணும் குறைந்தன. தூண்டினால் சுழற்சி ஏன் மறையாமல் குறுக வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ளத் தாமதத்தைக் கணக்கில் எடுக்கும் சமன்பாடுகளே துணையாயின.

நம் வரலாற்றின் மிக முக்கியமான கட்டத்துக்கு இப்போது வருகிறோம். 1981-இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1983-இல் அதன் வைரஸ் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால் இந்தியாவில் இத் தொற்று இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. எச்.ஐ.வி. எனப்படும் இந்த வைரஸ், உடற்காப்புப் படையின் தளபதி போன்ற சி.டி.4 வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து, அவற்றையே தன் பிரதிகளைச் செய்யும் பட்டறையாக்கி அழிக்கிறது. தொற்றியவுடன் சில வாரம் காய்ச்சல், அதன்பின் மருந்தில்லாதோரிடமும் பத்தாண்டு அளவு பெரும்பாலும் அமைதி, இறுதியில் பேரழிவு. அந்த அமைதிக் காலத்தில் இரத்தத்திலுள்ள வைரஸின் அளவு மாதக்கணக்கில் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். ஆகவே, வைரஸ் உறங்குகிறது என்று பலர் கருதினர். இருப்பைக் கண்டு வாணிகம் இல்லை என்று முடிவு கட்டிய பழைய மயக்கமே இது.

மயக்கத்தைத் தெளிவித்தது 1995-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரின் டேவிட் ஹோவும், லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் கணித அறிஞர் ஆலன் பெரல்சனும் இணைந்து பணியாற்றினர். ஜார்ஜ் ஷா தலைமையில் மற்றொரு குழு தனியே ஆராய்ந்தது. இரு குழுவினரின் கட்டுரைகளும் அவ்வாண்டு ஜனவரியில் ‘நேச்சர்’ ஏட்டில் ஒரே இதழில் வெளிவந்தன. அவர்களது தருக்கத்தை ஓர் ஏரியைக் கொண்டு விளக்கலாம். ஏரியின் நீர்மட்டம் அசையாமல் நிற்கிறது. உள்ளே வரும் வாய்க்காலும் வெளியே போகும் மதகும் கண்ணுக்குத் தெரியவில்லை. நீர் தேங்கிக் கிடக்கிறதா, வெள்ளமாகப் புரண்டு ஓடுகிறதா? மட்டத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆனால், வரும் வாய்க்காலை ஒரு கணத்தில் அடைத்துவிட்டால், மட்டம் எவ்வளவு விரைவாக இறங்குகிறதோ, அதுவே மதகு வழியே ஓடும் நீரின் வேகம். அதற்கு முன் மட்டம் நிலைத்திருந்தமையால் வரவின் வேகமும் அதுவே.

புதிதாக வந்த மருந்துகள் அந்த வாய்க்காலை அடைத்தன. நோயாளிகளின் இரத்தத்தில் வைரஸின் அளவு இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்தது. 1996-இல் ஐந்து நோயாளிகளிடம் மேலும் நெருக்கமாக அளவெடுத்தனர். தொற்றிய அணு ஒன்றின் சராசரி ஆயுள் 2.2 நாட்கள், இரத்தத்தில் வைரஸின் அரை ஆயுள் சுமார் ஆறு மணி நேரம், நாள்தோறும் உற்பத்தியாகும் வைரஸ்கள் சராசரியாக ஆயிரம் கோடிக்கு மேல் என்று கணக்கிட்டனர். அமைதிக் காலம் என்று அழைக்கப்பட்ட பத்தாண்டுகளும் ஒரு நாள்கூட ஓயாத போர்க்காலம் என்பது இவ்வாறு வெளியாயிற்று.

இந்த எண்ணிலிருந்து சிகிச்சை முறையே மாறியது. வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ பதினாயிரம் எழுத்துக்கள் கொண்டது. பிரதி எடுக்கையில் முப்பதாயிரம் எழுத்துக்கு ஒன்று வீதம் பிழை நேர்கிறது. நாள்தோறும் கோடிக்கணக்கில் பிரதிகள் எடுக்கப்படும்போது, எந்த ஓர் எழுத்தும் மாறிய வைரஸ் அன்றாடம் பலமுறை தோன்றியே தீரும். ஆதலால் 1987-இல் வழக்குக்கு வந்த ஒற்றை மருந்தை ஏய்க்கும் வைரஸ் விரைவில் தலையெடுத்ததில் வியப்பில்லை. ஆனால், மூன்று மருந்துகளை ஒரே நேரத்தில் ஏய்ப்பதற்குத் தேவையான மாற்றங்கள் யாவும் ஒரே பிரதியில் ஒருங்கே நேர்வது மிக மிக அரிது. ஆகவே, மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தருவது வீண். மூன்றையும் சேர்த்தே தர வேண்டும். 1996 முதல் உலகெங்கும் பரவிய கூட்டு மருந்து முறைக்கு மருத்துவச் சோதனைகள் சான்று தந்தன. அது ஏன் பயன் தருகிறது என்பதற்குக் கணிதம் காரணம் தந்தது.

இவ்வளவு சிறப்புற்ற கணிதமும் தன் எல்லையைக் கண்டறிய நேர்ந்தது. 1997-இல் பெரல்சன் குழுவினர், சில நீண்ட ஆயுள் அணுக்களையும் கணக்கில் சேர்த்து, மருந்தை இடைவிடாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் கொடுத்தால், தாங்கள் கணக்கிலெடுத்த இடங்களிலிருந்து வைரஸ் நீங்கிவிடலாம் என்று மதிப்பிட்டனர். கணக்கில் வாராத மறைவிடம் இருக்கக்கூடும் என்றும் எச்சரித்தனர். எச்சரிக்கையே மெய்யாயிற்று. நினைவணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்களுள் வைரஸ் செயலற்று ஒளிந்திருப்பதும், அவ்வணுக்கள் பாதியாகக் குறையவே ஏறத்தாழ நாற்பத்து நான்கு மாதங்கள் ஆவதும் சில ஆண்டுகளில் தெரிந்தன. அதன்படி மருந்தால் மட்டும் வைரஸை வேரறுக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாகும். சி.டி.4 அணுக்கள் மருந்துக்குப் பின் விரைவில் பெருகியதில் ஒரு பகுதி புதுப்பிறவியன்று, நிணநீர்க் கணுக்களிலிருந்து இரத்தத்துக்கு இடம் பெயர்ந்ததே என்றும் பின்னர் வாதிக்கப்பட்டது. இரத்தத்தை மட்டும் எண்ணுவோர், வீட்டின் வேறு அறையிலிருந்து வந்தவரைப் புதிதாகப் பிறந்தவர் என்று எண்ணிவிடக் கூடும்.

ஒரு மொழியிலுள்ள ஆவணத்தை மற்றொரு மொழியில் பெயர்க்கும் தொழிலில் ஈடுபட்டுள்ள நமக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. சமன்பாடு என்பதும் ஒரு மொழிபெயர்ப்பே. மூலத்தில் உள்ளது எல்லாம் அதில் வாராது. எதை விட்டோம் என்று அறிந்து விடுபவன் நல்ல மொழிபெயர்ப்பாளன். விட்டதே தெரியாமல் விடுபவனால் பொருள் கெடும். ஆப்சோனின் குறியெண் வீழ்ந்தது, அணுக்களின் வேறுபாட்டைச் சராசரியில் கரைத்துவிட்டு அதை மறந்ததால். பெரல்சனின் கணக்கு நிலைத்து நிற்பது, விட்டதை வெளிப்படையாகச் சொன்னதால். விட்ட இடத்தைப் பிறர் தேடிக் கண்டு நிரப்ப முடிந்ததால்.

மருந்தை எப்போது தொடங்குவது என்ற வழக்கும் இவ்வாறே தீர்ந்தது. வைரஸ் ஒரு நாளும் உறங்குவதில்லை என்று கண்ட ஹோ, 1995-இலேயே விரைவில் தொடங்க வேண்டும் என்று வாதாடினார். அக்கால மருந்துகளின் தீய விளைவுகளுக்கு அஞ்சிய மருத்துவர்கள், சி.டி.4 எண்ணிக்கை குறையும்வரை காத்திருந்தனர். அந்த அச்சமும் நியாயமானதே. மருந்துகள் மேம்பட்டன, பல நாடுகளில் நடந்த பெரிய மருத்துவச் சோதனை 2015-இல் முடிவைத் தந்தது: காத்திராமல் தொடங்கியவர்களே நலமாக இருந்தனர். 2004 ஏப்ரல் முதல் நாள் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்த இந்திய அரசு, 2017-இல், அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவாயினும் தொற்றுள்ள யாவருக்கும் மருந்து என்ற கொள்கையை மேற்கொண்டது.

டூபிங்கனில் ஃபியரோர்ட் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து இதற்கு நூற்று அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. எண்ணியவர்கள் ஒரு சாரார். எண்ணுக்குப் பின்னால் என்ன என்று கேட்டவர்கள் மற்றொரு சாரார். நாய்க்கடிக்கு ஊசி போடும் பணிக்கிடையே கசௌலி மலையில் வெள்ளை அணுக்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வரவு செலவு எழுதிய மருத்துவருக்கு, அந்த முறை பின்னாளில் எந்த நோயாளிக்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் எடுத்துக்கொண்ட கிருமியும் வேறு, அணுவும் வேறு. ஆயினும் ‘எத்தனை இருக்கின்றன’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எத்தனை வருகின்றன, எத்தனை போகின்றன’ என்றும் கேட்கும் வழக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். நம் மண்ணில் நடந்த அப்பணியை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். கணித வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டு ‘இதனால் யாருக்கு என்ன பயன்?’ என்று கேட்கும் மாணவனுக்கு, நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு தன் தொழிலைப் பார்த்து, தன் பிள்ளைகளை வளர்த்து, முதுமையை எட்டும் எச்.ஐ.வி. நோயாளியைக் காட்டினால் போதும்.